ரெண்டர் முடியப் பத்தொன்பது மணி நேரம்

ஜனவரி 6

அன்புள்ள திருப்புளிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஆறு வருடத்துக்கு முன்னால் மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் என்னைப் படுத்துகிறது. ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தாலாவது நிம்மதி. உயிரோடு இருந்துகொண்டு கழுத்தை அறுக்கிறது. மூன்று மணி நேரக் கல்யாணப் படம். வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே படமாக எழுதித் தா என்று காலை ஒன்பது மணிக்கு ரெண்டர் போட்டால் பத்தொன்பது மணி நேரம் ஓடுகிறது. சில நாள் அறுபது சதவீதத்தில் போய் அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. இதே நீளப் படத்தை முன்பெல்லாம் அரை மணியில் முடித்த மெஷின்தான் இது.

உன் மாமா கடைசியாக எடுத்த கல்யாணம் இது. அக்டோபரில் மண்டபத்திலிருந்து வந்து, மெமரி கார்டுகளை என் மேசைமேல் வைத்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று படுத்தாரே, அந்தக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மே கடைசியில் வெளிநாடு போகிறார்கள். அதற்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். பெண்ணின் அப்பா செவ்வாய்க்கிழமை தவறாமல் போன் செய்கிறார். "என்னம்மா, பேரப்பிள்ளை வந்துதான் பாக்கணுமா இந்த வீடியோவ?" என்கிறார். கம்ப்யூட்டர் சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ கேட்கிறவரிடம், எடுத்தவர் போய்விட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டர்மேல் பழியைப் போடுவது சுலபமாக இருக்கிறது.

என்ன செய்யலாம், சொல். உங்கள் சுரங்கத்தில் வெடிமருந்து இருப்பதால் கைபேசி கூடாது. ஆபீஸ் போனில் கூப்பிட்டால் நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி "ம்" சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதமே மேல். பத்து நாளைக்கு ஒரு லாரிதான் வரும் என்றாலும் என் ரெண்டருக்கு அது வேகம்தான்.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே இறங்காதே.

உன் அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. லேசாகச் சளி, மற்றபடி குறையில்லை. உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீயாக எழுத மாட்டாய், அதனால் கேட்டுவைக்கிறேன்.

மெஷின் சட்டென்று மெதுவாகிவிட்டது என்றால் முதலில் சூட்டைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுத் தகட்டில் நான்கு திருகு இருக்கும். கழற்று. உள்ளே தூசி மண்டியிருந்தால் பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டு. துணி போட்டுத் துடைக்காதே. பிராசசரின் மேல் தடவிய பேஸ்ட் ஆறு வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். சூடு ஏறினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் புது பேஸ்ட் வைக்கச் சொல். கையோடு ஹார்டு டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்றும் பார். நிரம்பி வழிந்தால் பழையதை அழி.

மேசையை நீ தனியாக நகர்த்தாதே.

அக்டோபரில் எனக்கு லீவு கிடைக்காமல் போனதைப் பற்றி உனக்கு இன்னும் சரியாக எழுதவில்லை. பிறகு எழுதுகிறேன். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உடம்பைக் கவனி.

தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள திருப்புளிக்கு,

முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது. உன் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ சொன்னபடி கழற்றினேன். உள்ளே ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தூசி. கடைக்காரர் வந்து பார்த்தார். பார்த்ததும் அவர் கேட்டது, "ஒயர எல்லாம் இவ்வளவு அழகா கட்டியிருக்காங்களே, யாருக்கா மாட்டுனது?"

"என் தம்பி."

"இப்ப எங்க இருக்காரு?"

"மண்ணுக்கு அடியில."

அவர் கையிலிருந்த பேஸ்ட்டைக் கீழே வைத்துவிட்டு, "அய்யோ, தெரியாம கேட்டுட்டேன்க்கா" என்றார். "இல்லப்பா, சுரங்கத்துல மெக்கானிக்கு. மீட்டரு, தராசு எல்லாம் ரிப்பேர் பாக்கறான்" என்றேன். அன்றைக்குச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பேஸ்ட் வைத்த பிறகு பத்தொன்பது மணி நேரம் பதினேழரையாக இறங்கியிருக்கிறது. உன் வைத்தியத்துக்கு ஒன்றரை மணி நேர மதிப்பு.

டிஸ்க்கில் அழிக்க ஒன்றும் மிச்சமில்லை. படத்தைக் கொடுத்து மூன்று மாதமானதும் ஒரிஜினலை அழித்துவிடுவது எங்கள் பழக்கம். நானேதான் உட்கார்ந்து அழிப்பேன். பதினோரு வருடம் அவர் எடுத்ததில் இப்போது இருப்பது நான் வெட்டி முடித்த படங்கள் மட்டும். அவற்றில் மேடை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஊரில் உள்ளவர்கள் சிரிப்பெல்லாம் இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் பேசியது எதிலும் இல்லை. கேமராமேன் குரல் படத்தில் வரக்கூடாது. அதைத் தேடி எடுத்துப் போடுவதுதான் என் முதல் வேலை. வேலையில் நான் கெட்டி, உனக்குத் தெரியும். ஒரு வார்த்தையைத் தப்பவிடவில்லை. போனில் பேசி அனுப்பியதும் கிடையாது. ஒரே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தவர்கள் எதைப் பேசி அனுப்புவது?

இந்த அக்டோபர் கல்யாணத்தின் ஒரிஜினல் மட்டும்தான் இன்னும் இருக்கிறது. அதனால் அழிக்கச் சொல்லாதே, வேறு வழி சொல்.

இருமல் இருந்தால் சுடுதண்ணீர் குடி.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டது. இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

டிஸ்க்கைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சரி, அதை விடு.

ஒன்றரை மணி நேரம்தான் குறைந்தது என்றால் சூடு காரணமில்லை. ஊகத்தில் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை, எனக்குக் கணக்கு வேண்டும். ரெண்டர் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசசர் எத்தனை சதவீதம், ராம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள். பிராஜெக்ட் ஃபைல் எத்தனை எம்.பி. என்று பார். டைம்லைனில் படத்துக்கு எத்தனை டிராக், ஒலிக்கு எத்தனை டிராக் என்று எண்ணு. கண்ணால் பார்த்து எழுது, ஞாபகத்திலிருந்து எழுதாதே.

கழுத்து வலிக்கும்வரை திரைக்கு முன்னால் உட்காராதே.

தம்பி

மார்ச் 4

அன்புள்ள திருப்புளிக்கு,

நலம்தான். நீயும் அப்படி இருந்தால் சரி.

கேட்டதை எழுதுகிறேன். பிராசசர் 100. ராம் 32-ல் 31.4. கிராபிக்ஸ் கார்டு 3, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. பிராஜெக்ட் ஃபைல் 412 எம்.பி. படத்துக்கு இரண்டு டிராக், ஒலிக்கு இரண்டு டிராக். எஃபெக்ட் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

பெண்ணின் அப்பா போன வாரம் நேரிலேயே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினார். "கோபமா சொல்லலம்மா. அந்தக் கார்ட குடுத்துடுங்க. வேற எடத்துல குடுத்து முடிச்சுக்கறோம்" என்றார். உன் மாமா எடுத்ததை வேறு ஒருத்தர் வெட்டுவதா? மே இருபதுக்குள் படம் கையில் இருக்கும், இல்லாவிட்டால் கார்டு இருக்கும் என்று சொல்லியனுப்பினேன்.

சீக்கிரம் பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

லாரி இரண்டு தடவையாவது வந்து போயிருக்கும். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? இரண்டு வரி போதும், எழுது.

நான் இருக்கிறேன். மெஷின் ஓடுகிறது.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் இருக்கக்கூடாது.

லாரி வந்தது. இரண்டு தடவையும் எழுதிவைத்திருந்ததைக் கொடுக்காமல் விட்டேன்.

உன் கணக்கை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் பார்த்தேன். படத்தில் வேலை இருந்தால் கிராபிக்ஸ் கார்டு திணறும். அது சும்மா இருக்கிறது. பிராசசர் மட்டும் நூறு. அப்படியானால் மெஷின் படத்துக்காக உழைக்கவில்லை, ஒலிக்காக உழைக்கிறது. ஒலிக்கு இரண்டே டிராக் என்றால் பிராஜெக்ட் ஃபைல் இருபது எம்.பி. தாண்டாது. உன்னுடையது 412. நான் எடைக்கருவி பார்க்கிறவன் அக்கா. வண்டி காலி என்று டிரைவர் சொல்வார், தராசு வேறு சொல்லும். நாங்கள் தராசைத்தான் எழுதிக்கொள்வோம். உன் டைம்லைனில் ஒலிக்கு மட்டும் நாற்பது ஐம்பது டிராக் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் இரைச்சலை எடுக்கிற எஃபெக்ட் போட்டிருக்கிறாய்.

அது யார் குரல் என்று நான் கேட்கவில்லை.

உன்னிடம் உண்மையைக் கேட்க எனக்கு யோக்கியதை வேண்டும். அதனால் என்னுடையதை முதலில் எழுதுகிறேன். அக்டோபரில் லீவு கிடைக்கவில்லை என்றேன். நான் கேட்கவே இல்லை. மாமா போன செய்தி வந்த அன்று ஷிஃப்டுக்குப் போனேன். ஒரு தராசைப் பிரித்து மாட்டினேன். மறுநாளும் போனேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேறு காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

நேரத்துக்குத் தூங்கு.

தம்பி

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நீ லீவு கேட்காதது எனக்கு அப்போதே தெரியும். மூன்றாம் நாள் உங்கள் மேனேஜர் துக்கம் விசாரிக்கப் போன் செய்தார். "தம்பிய வேணும்னா அனுப்பி வைக்கறேம்மா. அவரு லீவே கேக்கலையே" என்றார். "பரவால்ல சார், அவனுக்கு வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்திருக்கும். எடுத்துப் பார்க்கவில்லை.

ஐம்பத்து மூன்று டிராக். நீ சொன்னது சரி.

நவம்பரில் அந்தக் கார்டுகளைத் திறந்தேன். முதல் கிளிப்பிலேயே "அண்ணே, தலைய கொஞ்சம் ஒதுக்குங்க" என்றார். கை பழக்கத்தில் வெட்டிவிட்டேன். வெட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. திரும்ப எடுத்து, கீழே தனியாக ஒரு டிராக்கில் வைத்தேன். அப்படித்தான் தொடங்கியது. பிறகு "பொண்ணு, இங்க பாரும்மா, மாப்ள எங்கயும் ஓடிட மாட்டாரு." பிறகு "லைட்ட தூக்கு, இன்னும், இன்னும், உன் வீட்டுக் காசா போகுது." மண்டபத்து ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஒரே வார்த்தையை ஏழெட்டு விதமாகச் சுத்தம் செய்து பார்த்தேன். எதையும் தூக்கிப்போட முடியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக்கொண்டே போனேன். நாலு இடத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து "இது வேணாம், வெட்டிடு" என்கிறார். வெட்டுகிறவள் நான்தானே. அது என்னிடம் சொன்னது.

டிராக்கை மியூட் செய்தால் மெஷின் அதைத் தொடாது, ரெண்டர் ஓடிவிடும். இது முதல் மாதம் வேலை கற்கிறவளுக்கும் தெரியும். எனக்கு அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை. அதனால் ஒலியின் அளவை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்கிவைத்தேன். யார் காதிலும் விழப்போகாத குரலை அந்த மெஷின் பத்தொன்பது மணி நேரம் உட்கார்ந்து சுத்தம் செய்தது. நானும் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஓடுகிறவரை எனக்கு ஒரு வேலை இருந்தது. இதில் எனக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த மாதிரி இருக்கிறது.

மே இருபதுக்கு இருபத்தாறு நாள் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. செய்கிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்?

அக்கா

மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. இன்றைய லாரியிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

இதை வரிசை மாற்றாமல் செய். முதலில் பிராஜெக்டை முழுதாக ஒரு காப்பி எடு. ஒரிஜினலையும் சேர்த்து, வெளியே இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வை. ஒன்றை வீட்டில் வை, ஒன்றை வேறு எங்காவது வை. இரண்டையும் திறந்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொள். அதன் பிறகு கல்யாணப் பிராஜெக்டில் இரண்டு ஒலி டிராக் போக மிச்சம் ஐம்பத்தொன்றையும் எடுத்துவிடு. மியூட் செய்ய வேண்டாம். எடுத்துவிடு. ரெண்டர் ஓடும்.

படத்தைக் கொடுத்த பிறகு, முடிகிற ஒரு நாளில், காப்பியிலிருந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் நன்றாகக் கேட்கிற ஒன்றை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துத் தனி ஃபைலாக எழுது. எஃபெக்டை எல்லாம் ஒரே தடவையாகப் பதித்துவிடு. பிறகு அது எந்த மெஷினிலும் ஓடும், நான் மாட்டிக் கொடுத்தது போனாலும் ஓடும்.

ஜூன் முதல் வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் பார்க்கிறேன் என்றார். வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. உன் முதுகுப்பக்கம் அவர் உட்காருகிற நாற்காலியில் நான் உட்காரலாமா என்றும் தெரியவில்லை.

சாப்பிடு.

தம்பி

மே 29

அன்புள்ள திருப்புளிக்கு,

நலம். முழங்கால் மட்டும் வலிக்கிறது, இந்தத் தடவை நானாகவே எழுதிவிட்டேன். உனக்கு எப்படி?

வரிசை மாற்றாமல் செய்தேன். ஒரு டிஸ்க்கைக் கடைக்காரரிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். ஐம்பத்தொரு டிராக்கையும் எடுத்துவிட்டுப் படத்துக்கு ரெண்டர் போட்டேன். முப்பத்து நாலு நிமிடம்.

பத்தொன்பதாம் தேதி பெண் தன் அப்பாவோடு வந்தாள். இங்கேயே கொஞ்சம் போட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கேமரா அண்ணன் அன்னைக்கு முழுக்கப் பேசிட்டே இருந்தாரு. எல்லாம் வீடியோவுல வந்துடும்னு பயந்தேன். ஒண்ணுகூட இல்லையே, அவ்வளவு சுத்தமா எடுத்திருக்கீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வாசல்வரை போனவள் திரும்பி, "அண்ணன் எங்க? என் தங்கச்சி கல்யாணத்துக்கும் அவரத்தான் கூப்பிடணும்" என்றாள்.

"இல்லம்மா. உங்க கல்யாணம்தான் அவர் கடைசியா எடுத்தது. மறுநாளே போயிட்டாரு" என்றேன். ஏழு மாதமாக வராத வாய் அப்போது வந்தது. அவள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சற்று நேரம் நின்றார். பிறகு போனார்கள்.

நேற்று மதியம் மற்றதைச் செய்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒன்று எடுத்து வரிசையாக அடுக்கினேன். இரைச்சலில் மூழ்கியதெல்லாம் போக, ஆள் பேசுவது போலக் கேட்பது மொத்தம் நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி. ரெண்டர் போட்டேன். எப்படியும் நேரமாகும் என்று கெட்டிலில் தண்ணீர் பிடிக்க எழுந்தேன். குழாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டதாக மெஷினில் மணி அடித்தது. வந்து பார்த்தால் எட்டு நொடி என்று போட்டிருக்கிறது.

அவ்வளவுதான் தம்பி. எட்டு நொடி வேலை. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்று அழுதேன். அக்டோபரிலிருந்து நேற்றுதான் அழுதேன்.

அந்த நாற்காலியில் நீ உட்காரலாம்.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

உன் அக்கா